ஜெயலட்சுமியம்மாவுக்குக் கால் பண்ணியது

கவியரசனுக்கு முப்பத்தெட்டு வயசு. மாணவன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் அவன் தலைமுடியைப் பார்ப்பார்கள், அப்புறம் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார்கள். அட்டையில் இங்கிலீஷில் 'ஸ்டூடண்ட் டிரெய்னி' என்று போட்டிருக்கும். அதை மாட்டிக்கொண்டு பெங்களூரில், பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம், செயற்கைக் கால் செய்கிற ஒரு பட்டறையில் ஆறாவது வாரமாக மாவு குழைத்துக்கொண்டிருந்தான்.

சாப்பிடுகிற மாவு இல்லை. பிளாஸ்டர் மாவு. கால் போனவரின் மிச்சக் காலில் ஈரப் பட்டி சுற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால், காய்ந்த பிறகு அந்த ஆளின் மிச்சக் கால் அப்படியே வெள்ளைப் பொம்மையாக நிற்கும். பொம்மையை அரத்தால் செதுக்கித் திருத்தி, அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டை இழுத்து மூடினால் குழி வரும். குழிக்குக் கீழே குழாய், குழாய்க்குக் கீழே ரப்பர் பாதம். அவ்வளவுதான் கால். சொல்லுவதற்கு அவ்வளவுதான்.

இவன் சொந்த ஊர் இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடம் போகாமலே வளர்ந்து, கொழும்புக்கு வந்து, சுவருக்குச் சாந்து பூசுகிற வேலையில் பதினேழு வருஷம். இருபத்தாறு வயசு வரைக்கும் கையெழுத்துக்குப் பெருவிரல்தான். அப்புறம் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள் என்று போய் உட்கார்ந்து, 'அ' போடவே ஒரு மாசம் ஆகி, முப்பத்திரண்டு வயசில் பரீட்சை எழுதித் தேறினான். தேறிய கையோடு தோள் போயிற்று. சாரத்தில் நின்று தலைக்கு மேல் கை தூக்கித் தூக்கிப் பூசியதில் வலது தோள் பாதியில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. பிளாஸ்டர் பிடித்த கைக்கு இந்தப் படிப்பு லேசு என்று யாரோ சொல்ல, தொழிற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தான். கடைசி எட்டு வாரம் வெளிநாட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக் காட்டணும். கூடப் படித்த எட்டுப் பேரும் கம்போடியா, வியட்நாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லாரும் சின்னப் பிள்ளைகள், இங்கிலீஷ் வரும். இவன் மட்டும் பெங்களூர் கேட்டான். அங்கே தமிழாட்கள் ஏராளம், பேச்சுக்குப் பஞ்சமில்லை என்று கேள்வி.

வந்து பார்த்தால், தமிழாட்கள் ஏராளம்தான். வாயைத் திறந்தால் சிரித்தார்கள். "பழைய ரேடியோ மாதிரி பேசுறீங்க அங்கிள்" என்றான் ஜோகுபாளையத்தில் இவன் தங்கியிருந்த பி.ஜி.யில் பக்கத்துக் கட்டில்காரன் ஹரிஷ்குமார். கேலியாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் 'வரேன் அங்கிள்', 'வாங்க அங்கிள்' தவிர வேறு பேச்சு வரவில்லை.

இன்னொன்று எழுத்து. அவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்ட எழுத்து இங்கே உதவவில்லை. பஸ்ஸில் கன்னடம், கடையில் கன்னடம், கக்கூஸ் கதவில்கூடக் கன்னடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கொழும்புத் தெருவில் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே ஆளாக மறுபடி நின்றான். முதல் வாரத்தில் பட்டறையின் பழைய ஆள் வெங்கடசாமி ஒரு வேலையைக் காட்டி "மாடு, மாடு" என்றபோது, மாட்டுக்குச் சமானமாக நம்மைச் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. 'செய்' என்றுதான் சொன்னார் என்பது ரெண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டான்: கன்னடம் காதில் விழுந்தால் உஷாராக இருக்கணும். ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளணும். கடைசியில் அவன் காலை விட்டது கன்னடத்தில் இல்லை, தமிழில்.

கல்லூரி கொடுத்த பதிவுப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் ஒன்று இருந்தது. ஒரு நோயாளி, ஒரு கால், அளவு எடுப்பதிலிருந்து நடக்க வைப்பது வரை மாணவன் தன் கையால் செய்து, மேற்பார்வையாளர் ஒவ்வொரு படியையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கணும். அந்தப் பக்கம் நிரம்பினால் சான்றிதழ். பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, சான்றிதழோடு வருகிறவனுக்கு. நிரம்பாவிட்டால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு மறுபடி வரிசையில் நிற்கணும். அதுவரைக்கும் சாரம்தான். ஏறத் தோள் விடணுமே.

ஆறு வாரத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளி விழவில்லை. மாவு குழைத்தான், அரம் போட்டான், தரையைக் கூட்டினான். மேற்பார்வையாளர் ஸ்ரீஹர்ஷா இருபத்தொன்பது வயசு மனுஷன், கன்னடக்காரர், நல்லவர். "உங்களுக்கு ஒரு கேஸ் வெச்சிருக்கேன் கவி, அவசரப்படாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். அப்புறம் கோலாரில் முகாம் என்று வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார், வியாழக்கிழமைதான் வருவார் என்று பேச்சு. கூடவே வெங்கடசாமியைத் தவிர மற்றப் பட்டறை ஆட்களும் போய்விட்டார்கள்.

அது திங்கட்கிழமை. முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தேதி கொடுக்கிற சுனிதா, நீலசந்திராவிலிருந்து வருகிற பெண், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். தங்கச்சிக்கு நிச்சயம், ரெண்டு நாள் லீவு. ஒரு காதில் போன், ஒரு கையில் சீப்பு.

"அண்ணா, ஒரே ஒரு ஹெல்ப். ஜெயலட்சுமின்னு ஸ்ரீராம்புரத்து அம்மா இருக்காங்க இல்ல, வலது கால், முட்டிக்குக் கீழ? அவங்களுக்கு நீங்களே கால் பண்ணிடுங்க."

"நானா?"

"ஆமா, நீங்கதான். ஸார்கிட்ட கேட்டுட்டேன், கவியவே பண்ணச் சொல்லுன்னாரு. வியாழக்கிழமைக்குள்ள பண்ணிடணும், மறந்துடாதீங்க. கார்டு என் ட்ராவுல இருக்கு, எல்லாம் அதுலயே இருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது.

இவன் ஊரில் போனில் கூப்பிடுவதைக் 'கோல் எடுக்கிறது' என்பார்கள். இந்தியாவில் அதையே 'கால் பண்ணுவது' என்கிறார்கள் என்று சினிமாவில் கேட்டிருக்கிறான், தெரியாதவன் இல்லை. ஆனால் சுவர் முழுக்கக் கால் தொங்குகிற இடத்தில், ஆறு வாரமாக ஒரு கால் செய்ய மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டு நிற்கிறவன் காதில், 'நீங்களே கால் பண்ணிடுங்க' என்று விழுந்தால் வேறு எந்தக் காலை நினைப்பான்? ட்ராவைத் திறந்து அட்டையை எடுத்தான். சுனிதா சொன்னபடி எல்லாம் அதிலேயே இருந்தது. மேலே போன் நம்பர். கீழே ஸ்ரீஹர்ஷா எடுத்து எழுதின சுற்றளவுகள், நீளம், எங்கே வலிக்கும், எங்கே தாங்கும் என்ற குறிப்பு. அலமாரியில் அந்தம்மாவின் அச்சும் காய்ந்து தயாராக இருந்தது. மேலே இருந்த நம்பரை அவன் கண் பார்க்கவே இல்லை.

ஸாரே சொல்லிவிட்டார், கையெழுத்தை வந்ததும் போடுவார் என்று நினைத்து, அன்று மத்தியானமே அச்சில் மாவு ஊற்றினான்.

அந்த மூன்று நாளும் அவனுக்குப் பெங்களூரில் கிடைத்த நல்ல நாட்கள். பட்டறையில் வெங்கடசாமியும் இவனும்தான். வெங்கடசாமிக்குக் காது மந்தம், ஒரு மூலையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கான பூட்ஸ் தைத்துக்கொண்டிருப்பார். இவன் பொம்மையை இடுக்கியில் பிடிக்க வைத்து அரம் போட்டான். முட்டிச் சில்லுக்குக் கீழே, எடையைத் தாங்குகிற இடத்தில் மாவைச் சுரண்டிக் குழி எடுத்தான். வெளிப்பக்கம் உருண்டையாக நிற்கிற சின்ன எலும்பு இருக்கே, அது பட்டால் உயிர் போகும், அங்கே மாவை அப்பி மேடு கட்டினான். அந்த மேட்டை மட்டும் அரை நாள் பார்த்தான். சுவரில் அலை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் உண்டே, அதே மாதிரி பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவினான். தோள் வலிக்கவே இல்லை. இந்த வேலையில் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதே இல்லை.

தகடு இழுக்கிற வேலைக்கு ரெண்டு பேர் வேணும். அடுப்பிலிருந்து கண்ணாடி மாதிரி தொங்குகிற சூட்டுத் தகட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே வீச்சில் மூடணும். வெங்கடசாமியைத் தொட்டுக் கூப்பிட்டான்.

"யாரு ஹேளித்து?" என்றார் அவர். யார் சொன்னது என்று அர்த்தம்.

"ஸார் சொன்னாங்களாம். சுனிதா சொல்லிட்டுப் போனா."

வெங்கடசாமி பொம்மையைச் சுற்றி வந்தார். வெளிப்பக்க மேட்டில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கையுறையை மாட்டினார். "மாடப்பா" என்றார். ஆறு வாரத்தில் அந்தப் பட்டறையில் ஒருத்தர் இவன் வேலையைப் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் குழியை வெட்டி ஓரம் வழித்து, உள்ளே மெத்தை ஒட்டி, குழாயும் பாதமும் மாட்டி, காலை நிமிர்த்தி மேசைமேல் நிறுத்தினான். நின்றது. போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பலாம் என்று போனை எடுத்தான். வீட்டுக்காரிக்கு அனுப்பினால் ஒத்தைக் காலைப் பார்த்துப் பயப்படுவாள். கம்போடியாவுக்குப் போன பிள்ளைகள் ஒரு குழு வைத்திருந்தார்கள், அதில் இவன் பேர் இருந்தாலும் இவன் எழுதியதில்லை. கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜெயலட்சுமியம்மா வந்து சேர்ந்தாள். ரெண்டு அக்குள் கட்டை, முதுகில் ஒரு பை, வியர்த்து ஊற்றியது. நாற்பத்தஞ்சு வயசிருக்கும். மாநகராட்சிக்குத் தெருக் கூட்டுகிறவள். எட்டு மாசத்துக்கு முன்னால் விடியக்காலை கூட்டிக்கொண்டிருக்கும்போது காரொன்று ஏறி, கால் போயிற்று. லீவு முடிந்து திரும்பியிருந்த சுனிதா அவளைப் பார்த்ததும் மேசையை விட்டு எழுந்துவிட்டாள்.

"அய்யோ, ஏம்மா வந்தீங்க? ஸார் முகாமுக்குப் போய்ட்டாரு. உங்களைத் திங்கக்கிழமை இல்ல வரச்சொல்லியிருக்கு!"

"எவன் சொன்னான்? நீதான் இன்னிக்குன்னு தேதி குடுத்த. ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக்கினு கீறேன், திங்கக்கெழமைன்ற?"

சுனிதா உள்பக்கம் திரும்பி, "கவி அண்ணா! ஜெயலட்சுமி அம்மாவுக்குக் கால் பண்ணலயா நீங்க?" என்று கத்தினாள்.

"பண்ணியாச்சே!" என்றான் கவியரசன். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை அந்தப் பட்டறை அதுவரை கேட்டதில்லை. "நேத்தே முடிஞ்சுது!"

"இல்லம்மா, பண்ணிட்டேங்கிறாரே?"

"எனுக்கு ஒரு காலும் வர்ல. போனு இந்தா, பாரு. பொய் சொல்றான் அந்தாளு."

"பொய் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே கவியரசன் வந்தான். இரண்டு கையிலும் காலை ஏந்திக்கொண்டு, குழந்தையைக் காட்டுகிற மாதிரி வந்தான். "இதுதானே!"

சுனிதா காலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மேசையில் இருந்த போனைப் பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பாதிச் சிரிப்பில் முகம் மாறிவிட்டது.

"அண்ணா, நான் போன் பண்ணச் சொன்னேன். திங்கக்கிழமை வாங்கன்னு சொல்றதுக்கு. போன்! ஸாரும் அதைத்தான் சொன்னாரு. நீங்க இதையா…? ஸார் இல்லாம? அய்யய்யோ!"

கவியரசனுக்குக் கையில் இருந்த கால் கனத்தது.

சுனிதா ஸ்ரீஹர்ஷாவைப் போனில் பிடித்தாள். கன்னடத்தில் பேசினாள், நடுநடுவே 'கவி' 'கவி' என்று வந்தது. வைத்துவிட்டுச் சொன்னாள்: "முகாம் முடிஞ்சு கிளம்பிட்டாராம், நாலு மணிக்கு வந்துடுவாரு. அதுவரைக்கும் காலை யாரும் அவங்களுக்கு மாட்டக் கூடாதாம். நீங்க தொடவே கூடாதுன்னாரு அண்ணா." கடைசி வாக்கியத்தை மெதுவாகச் சொன்னாள்.

ஜெயலட்சுமியம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண் காலை விட்டு நகரவில்லை.

"அது என் காலுதானே?"

"ஆமாம்மா."

"அப்போ குடு. மாட்டிப் பாக்கறேன்."

"ஏலாதும்மா."

"ஏலாதுன்னா? ஏலம் உடறியா?"

"இல்லம்மா, முடியாதுன்னு சொல்றேன். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். ஸார் பாக்காம குடுக்கக்கூடாது. எங்கயாவது அழுத்திப் புண்ணாயிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எந்த ஊரு நீ?"

"சிலோன்."

"கடல் தாண்டி வந்து என் காலைப் புடிச்சுக்கினு தர மாட்டேன்றியே! காலு பண்ண வந்தியா, காவல் காக்க வந்தியா?"

சுனிதா சிரித்தாள். இவனுக்கும் சிரிப்பு வந்திருக்கணும். வரவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு போய், அவள் கைக்கு எட்டாத மேசையில் வைத்துவிட்டு வந்தான்.

நாலு மணி வரைக்கும் அவள் அந்த பெஞ்சை விட்டு எழவில்லை. ரெண்டு தடவை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டாவது தடவை அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். ஒண்ணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலை ஆறரைக்கு மஸ்டரிங்கில், அதுதான் தெருக் கூட்டுகிறவர்கள் கூடி வருகைப் பதிவு போடுகிற இடம், ரெண்டு காலில் நின்று மேஸ்திரிக்கு முகம் காட்டினால் வேலை உண்டு. உட்கார்ந்து குப்பை பிரிக்கிற லேசு வேலையாவது தருவான். நிற்காவிட்டால் பேரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். எட்டு மாசம் பொறுத்தோம், இனிப் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு ஒரு காகிதமும் கொடுத்திருந்தார்கள். பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"படிச்சவன் தானே நீ. இதுல இன்னா எழுதிக் கீதுன்னு பாரு. சரியாத்தான் சொன்னாங்களான்னு எனுக்கு டவுட்டு."

கன்னடம். வட்ட வட்டமாக எழுத்து. "இது எனக்குத் தெரியாதும்மா" என்றான்.

"எனுக்கும் தெரியாது" என்று மடித்து வைத்துக்கொண்டாள். அவளிடம் படிக்காததற்கான வருத்தம் எதுவும் இல்லை. காகிதம் மடிப்போடு மடிப்பாகப் பைக்குள் போயிற்று. இவன் பக்கத்தில் உட்காரலாமா என்று யோசித்தான். பெஞ்சில் இடம் இருந்தது. அதற்குள் அவள் சேலை முந்தியை முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

ஸ்ரீஹர்ஷா நாலேகாலுக்கு வந்தார். தூசி படிந்த சட்டையோடு நேரே உள்ளே போய், காலை எடுத்துக் கதவைச் சாத்தினார். கவியரசனைக் கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்தார். குழிக்குள் கையை விட்டுத் தடவினார். அட்டையை எடுத்து அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பொம்மையைக் கேட்டார், கொடுத்தான். வெளிப்பக்க மேட்டில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். வெங்கடசாமி அழுத்திய அதே இடம்.

"வேலை நல்லா இருக்கு" என்றார். "அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. கெட்டுப்போயிருந்தா உடைச்சுப் போட்டுட்டு உங்களைத் திட்டியிருப்பேன். ஈஸியா முடிஞ்சிருக்கும்."

"மன்னிச்சிடுங்க ஸார். கேட்டது பிழையா விளங்கிட்டுது."

"சுனிதா சொன்னா. சிரிப்பா வருது, கோவமாவும் வருது." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கவி, உங்களுக்கு வெச்சிருந்த கேஸே இதுதான். இந்த அம்மாதான். நான் எடுத்த அச்சை விட்டுட்டு, திங்கக்கிழமை உங்ககூட நின்னு முதல்லேருந்து உங்க கையாலயே ஆரம்பிக்கலாம்னுதான் தள்ளி வெச்சேன்."

கவியரசன் தரையைப் பார்த்தான். தரையில் அவன் காலையில் கூட்டாமல் விட்ட மாவுத் தூள் கிடந்தது.

"இப்ப ரெண்டு வழி" என்றார் ஸ்ரீஹர்ஷா. "ஒண்ணு, இந்தக் காலை வெட்டிப் போட்டுடலாம். திங்கக்கிழமை நீங்க புதுசா அளவு எடுங்க, புதுசா அச்சு எடுங்க, நான் ஒவ்வொண்ணா பாக்கறேன். நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள முடிச்சுடலாம். உங்க பக்கத்துல கையெழுத்துப் போட்டுத் தரேன். இன்னொண்ணு, இதையே நான் இப்ப எடுத்து, மறுபடி செக் பண்ணி, நானே மாட்டி, நேர் பாத்து நடக்க வெச்சு அனுப்பறேன். அப்ப இது என் கேஸ். நான் பாக்காம செஞ்சதுக்கு உங்க பேர்ல கையெழுத்துப் போட மாட்டேன். அது பொய்."

"வேற கேஸ் ஏதும்…"

"கோலார் முகாம் ஆளுங்க வர மூணு வாரம் ஆகும். நீங்க இருக்கப்போறது ரெண்டு வாரம்கூட இல்ல. உங்க காலேஜுக்கு நான் பேசிப் பாத்தேன், வர்ற வழியில. ஒரு நாள்கூட நீட்ட மாட்டோம்னுட்டாங்க." காலை மேசையில் நிறுத்தினார். "அந்தம்மாவுக்கு ஒரு பத்து நாள் லேட்டாகும், அவ்வளவுதான். எட்டு மாசம் இருந்தவங்க."

ஒண்ணாம் தேதி விஷயம் அவருக்குத் தெரியாது. அவளும் இவனைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அது வழியாகப் பார்த்தால் பெஞ்சின் ஒரு முனை தெரிந்தது, அக்குள் கட்டை இரண்டும் சாய்த்து வைத்திருப்பது தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பதுளை ஆஸ்பத்திரி தெரிந்தது, வெள்ளைக் கோட்டு தெரிந்தது. சாரம் தெரிந்தது. மேசையில் கால் நின்றது. அதை வெட்டுகிற ரம்பம் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் இவனுக்குத் தெரியும். வெட்டச் சொன்னால் இவன்தான் வெட்டணும், மாணவன் வேலை அது. அந்த மேட்டை ரம்பம் எப்படி அறுக்கும் என்று ஒரு நொடி கண்ணில் வந்து போயிற்று.

"ஞாயித்துக்கிழமை அவங்க வேலைக்கு நிக்கணுமாம் ஸார்" என்றான். "நிக்காட்டிப் பேரை வெட்டிடுவாங்களாம். நீங்களே மாட்டிக் குடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சீங்களா? உங்களுக்கு வருஷம் போயிடும்."

"தெரியும் ஸார்."

அவள்மேல் இரக்கப்பட்டா, அந்தக் காலை அறுக்க மனசு வராமலா, எதற்காகச் சொன்னான் என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. ஸ்ரீஹர்ஷா அட்டையை எடுத்து, செய்தவர் என்ற இடத்தில் தன் பேரை எழுதினார். "அவங்க போற வரைக்கும் நீங்க கை வைக்காதீங்க. சுவத்துப் பக்கம் நில்லுங்க" என்றார். கோபமில்லை, அதுதான் முறை.

இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஜெயலட்சுமியம்மா எழுந்து நின்றாள். ஸ்ரீஹர்ஷா மண்டி போட்டுக் குழாயின் திருகை இரண்டு தடவை திருப்பினார், பாதத்தை ஒரு நூல் வெளியே தள்ளினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. கம்பியின் முனைக்குப் போய்த் திரும்பினாள். மூன்றாவது சுற்றில் ஒரு கையை விட்டாள். வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது: "அய்ய, இன்னா இது, பாதம் மட்டும் செவப்பா கீது, எனுக்கு இன்னா மைதா மாவுலயா தோலு? ஏ சுனிதா, சிரிக்காதடீ, உழுந்துடப் போறேன்." சுவத்துப் பக்கம் நின்றவன் அவள் வாயைப் பார்க்கவில்லை. எடை இறங்கும்போது முகம் சுளிக்கிறதா என்று மட்டும் பார்த்தான். சுளிக்கவில்லை.

மாட்டினதைக் கழற்றி, காலில் எங்கே சிவந்திருக்கிறது என்று ஸ்ரீஹர்ஷா பார்த்தார். முட்டிச் சில்லுக்குக் கீழே, எடை தாங்க வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பு. வெளிப்பக்கம் சுத்தம். அவர் நிமிர்ந்து இவனைப் பார்த்தார்.

அஞ்சரைக்கு ஆட்டோ வந்தது. ஜெயலட்சுமியம்மா ஸ்ரீஹர்ஷாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லாருப்ப ஸார். புள்ளகுட்டியோட நல்லாருப்ப." அப்புறம் திரும்பி, "ஏம்பா சிலோனு, அந்தக் கட்டை ரெண்டையும் எட்துக்கினு வந்து ஆட்டோல வை" என்றாள்.

எடுத்துக்கொண்டு பின்னால் போனான். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நடைபாதைக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது, அதைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆட்டோ பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"எங்கயாவது வலிக்குதாம்மா? வெளிப்பக்கம்?"

"வெளிப்பக்கம் ஒண்ணுமே தெர்ல. பஞ்சு மாதிரி கீது. மின்னாடி வேற ஒரு எடத்துல ஒரு காலு மாட்டிக் குடுத்தாங்க இல்ல, ஒரு மாசத்துல புண்ணாக்கிட்டானுங்க. இந்த ஸாரு கையில இன்னாவோ கீதுபா." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் பக்கத்துலயே நின்னு நல்லா கத்துக்க. சும்மா ஆளைப் புடிச்சு ஒக்கார வெச்சுக்கினு இருக்காத."

"சரிம்மா."

கட்டை இரண்டையும் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே வைத்தான். அவள் கம்பியைப் பிடித்து இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். புதுக் காலோடு ஏறும்போது நல்ல காலைத்தான் முதலில் வைக்கணும், சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்புறம் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டாள். வலது கால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நின்றது. அவள் அதைத் தொடையோடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "ஸ்ரீராம்புரம், ஹோகப்பா" என்றாள்.

ஆட்டோ வண்டிகளுக்குள் நுழைந்தது. கவியரசன் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்க முடியவில்லை, நடுவில் ஒரு பஸ் வந்து மறைத்துக்கொண்டது. உள்ளே கிண்ணத்தில் கழுவாமல் விட்ட மாவு இந்நேரம் கல்லாகியிருக்கும். திரும்பிப் படியேறிப் போய், உளியை எடுத்து அதைப் பெயர்க்க உட்கார்ந்தான்.